அடுத்த வீட்டுப் பாட்டுக்கு வெட்கமில்லை

ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸில் எல்லாருடைய பாட்டும் எல்லாருக்கும் கேட்கும். எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்பவை. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். வலப்பக்கம் ஜாவா வழிவந்த குடும்பத்து அம்மாள், எங்களுக்கு மாக்சிக். இடப்பக்கம் ஹொக்கியன் பேசும் சீன அங்கிள். அவர் எழுவதற்கு முன்பே அவருடைய வானொலி எழுந்துவிடும். ஸ்கூடாய்க்கும் பொந்தியானுக்கும் நடுவே ஊரைப் பிளந்துகொண்டு போகிற ஐந்தாம் எண் சாலையில், அன்னாசி ஏற்றிய லோரி ஒன்று ஜன்னலை இறக்கிவிட்டு நின்றால், ஓட்டுநரின் ரசனை கடைத்தெரு முழுவதற்கும் தெரிந்துவிடும். ஆடியில் கோயில் ஒலிபெருக்கி. சீனர்களின் ஏழாம் மாதத்தில் கெத்தாய்ப் பாட்டு மேடை. சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே வாரத்தில் வந்து மோதிக்கொள்ளும். பள்ளி விடுமுறை என்றால் கம்போங்கில் கல்யாணம், கூடவே கராவோக்கே.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பாட்டை ஒளித்துவைத்துக் கேட்பது சிரமம். ஆனாலும் ஒளிக்கிறோம்.

*

என்னிடம் படித்த பையன் ஒருவனுக்கு இப்போது சிங்கப்பூரில் வேலை. விடுமுறைக்கு வந்திருந்தவன், பொந்தியான் வரை போகவேண்டும் என்றதும் காரில் ஏற்றிக்கொண்டான். கார் கிளம்பியதும் அவனுடைய கைப்பேசி தானாகவே ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டது. கடைசியாகக் கேட்ட பாட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அடி, விசில், இரட்டை அர்த்தம். அவன் கை பாய்ந்த வேகத்தைப் பார்த்து, முன்னால் மாடு ஏதும் வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“கூட்டாளி போட்டுட்டுப் போனது, டீச்சர்.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து இளையராஜா வந்தார். இளையராஜாவை யாரும் அவசரமாக அணைப்பதில்லை. பொந்தியான் வரை அவர்தான் வந்தார். எங்கள் இருவருக்கும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் பிடித்ததைச் சொல்லிக்கொள்ளத் தகுந்த பாட்டுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அவனிடமும் அது இருந்தது, என்னிடமும் இருந்தது. ஒருவேளை அவனுக்கு அதைக் கொடுத்ததே நானாக இருக்கலாம். பரிசளிப்பு விழாவுக்கு எந்தப் பாட்டுக்கு ஆடலாம், எதற்கு ஆடக்கூடாது என்று வருடா வருடம் முடிவு செய்த ஆசிரியைகளில் நானும் ஒருத்தி.

*

அம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அடுப்படியில் பாடிக்கொண்டே வேலை செய்வார். வாசலில் அப்பா சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டால் பாட்டு மாறிவிடும், எல்.ஆர். ஈஸ்வரி போய் பி. சுசீலா வருவார். அப்பா எதற்கும் தடை போட்டவர் இல்லை. மாட்டு வண்டி எதிரே வந்தால் ஒதுங்குவோமே, அதைப்போல அம்மா தானாகவே ஒதுங்கிக்கொள்வார்.

ஈஸ்வரியை நினைத்தால் என்னால் சுருக்கமாக எழுத முடிவதில்லை. இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய தாயார் ஜெமினி ஸ்டூடியோவில் கூட்டுக்குரல் பாடியவர். மகளும் கூட்டத்தில் ஒரு குரலாகத்தான் தொடங்கினார். 1961இல் ‘பாசமலர்’ வந்தது. அதில் தோழியை மணவறைக்கு அழைக்கும் பாட்டு அவரைத் தனியாக அடையாளம் காட்டியது. இன்றைக்கும் மணப்பெண் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது அதைப் போடுகிறார்கள். ஏழு வருடம் கழித்து, 1968இல், கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘பணமா பாசமா’. குடும்பத்தோடு பார்க்கிற படம்தான். கே.வி. மகாதேவன் இசையில், அதற்குள் இலந்தைப்பழம் விற்கிற பெண்ணுக்கு ஒரு பாட்டு. பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். தெருவெல்லாம் பாடியது. இன்று அந்தப் படத்தின் கதையைக் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது; பழக்காரியின் பாட்டை யாரும் மறக்கவில்லை. மறுவருடம் ‘சிவந்த மண்’. எம்.எஸ். விஸ்வநாதன், சாட்டை வீசும் ஒலிக்கும் ஈஸ்வரியின் விம்மலுக்கும் நடுவில் பாட்டைக் கட்டியிருந்தார். அதை என் அம்மா முணுமுணுத்தே கேட்டதில்லை. பாடத் தெரியாமல் இல்லை என்பது என் ஊகம்.

பிறகு அம்மன் பாட்டுகள். எங்கள் ஊரிலும், இந்த நாட்டில் மாரியம்மன் இருக்கிற எந்த ஊரிலும், ஆடி மாதத்து விடியலில் முதலில் கேட்பது அந்தக் குரல்தான். கல்யாண வீட்டிலும், கேளிக்கை விடுதிக் காட்சியிலும், கருவறைக்கு வெளியிலும் அதே தொண்டை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பழம் விற்கும்போது என்ன துணிவோ, மாரியை வீட்டுக்கு அழைக்கும்போதும் அதே துணிவு. அவர் ஒன்றாகப் பாடியதை நாம்தான் வெவ்வேறு பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டோம். கோயிலில் அவர் பாட்டுக்கு ஒரு பெண் ஆடினால் சாமி வந்திருக்கிறது என்று வழிவிட்டு, கையில் வேப்பிலை கொடுப்பார்கள். அதே பெண் அண்ணன் கல்யாணத்தில் ஆடினால் அவளுக்கு என்ன வந்தது என்று கேட்பார்கள்.

2011இல், எழுபது வயதைத் தாண்டிய பின், ‘ஒஸ்தி’ படத்துக்காக டி. ராஜேந்தரோடு சேர்ந்து ஒரு குத்துப்பாட்டைப் பாடிவிட்டுப் போனார் ஈஸ்வரி. அந்த வருடம் தீபாவளிக்குப் பிறகு வந்த கல்யாணங்களில், பாட்டிமார் முதலில் கைதட்டினார்கள்.

*

பாட்டைக் கண்டு வெட்கப்படுவது தனிமனிதர் மட்டுமல்ல. ஒரு தேசமே வெட்கப்பட்டிருக்கிறது. 1952இல் இந்தியாவில் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். அவர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவில் திரைப்பாடல் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. சாஸ்திரிய சங்கீதம் ஓயாமல் ஒலித்தது. கேட்கவேண்டிய ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். பத்து வீட்டில் ஒன்பது வீடு சிலோனைக் கேட்கிறது, பத்தாவது வீட்டில் வானொலிப் பெட்டி பழுதாகிக் கிடக்கிறது என்று அந்நாளில் ஒரு கதை உலவியது. 1957 அக்டோபர் 3இல் சினிமாப் பாட்டுக்கு இடம் தந்த விவித் பாரதி ஒலிபரப்பைத் தொடங்கி அரசாங்கம் இறங்கிவந்தது. கேஸ்கர் 1962 வரை அமைச்சராக இருந்தார்.

இதற்கு முன்பே, 1940இல், அதே வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. ஒரு முழுத் தலைமுறை ஆர்மோனியத்தை நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் கேட்டு வளர்ந்தது.

கேஸ்கரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர் சங்கீதத்தை உண்மையாக நேசித்தவர். பரிசளிப்பு விழாவில் பாட்டு தேர்ந்தெடுக்க உட்கார்ந்த எனக்கு அவரைத் தெரியும் போலிருக்கிறது.

*

‘பணமா பாசமா’ வந்த அதே 1968இல் இன்னொன்றும் நடந்தது. ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பொருளற்ற சொற்களைத் துருக்கிச் சொற்கள் என்று சொல்லிக் காட்டினார். சீன எழுத்து படிக்கத் தெரியாதவர்களுக்குச் சீன எழுத்துகளைக் காட்டினார். அதிகம் கண்ணில் பட்டவற்றைப் பற்றி நல்லதாகவே நினைத்தார்கள். பொருள் தெரியவேண்டியதில்லை. திரும்பத் திரும்ப எதிரே வந்தாலே போதும்.

கடைத்தெருவில் வாழ்நாளெல்லாம் படிக்கத் தெரியாமலே பார்த்துவந்த சீனப் பெயர்ப்பலகைகளை நினைத்துக்கொண்டேன். பழைய மளிகைக் கடையின் சிவப்புப் பலகையைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் மாட்டியபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

நான் தேடிப்போய்க் கேட்ட பாட்டுகளைப் பற்றி என்னால் பெருமையாகப் பேச முடியும். தேடாமல் வந்தவை வேறு வகை. மினி பஸ்ஸில், முடிவெட்டும் கடை வாசலில், கெண்டூரி விருந்துப் பந்தலில், தோட்டத்து லயத்தில் யாரோ கேட்டதை நானும் கேட்டேன். அனுமதி கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டவை. அவற்றை மறைக்கும்போது, எனக்கு அவற்றைக் கொடுத்த ஆட்களையும் சேர்த்துத்தான் மறைக்கிறேன். லயத்திலிருந்து தாமானுக்கு வந்த எங்கள் தலைமுறை முதலில் தாழ்த்தியது வானொலியின் சத்தத்தை. ‘எஸ்டேட் ஆளுங்க மாதிரி போடாதே’ என்று பிள்ளைகளை அதட்டியவர்கள் எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள்தாம்.

*

மாக்சிக் துணி உலர்த்தும்போது ‘குச் குச் ஹோத்தா ஹை’ பாட்டைப் பாடுவார். இந்திச் சொற்களில் பாதி அவருடைய சொந்தத் தயாரிப்பு. ஊரே கேட்கப் பாடுவார். 1998இல் வந்த அந்தப் படத்துக்கு எங்கள் ஊர் மலாய்க்காரப் பெண்கள் எல்லாம் அழுதார்கள். 2008இல் மலாக்கா மாநிலம் ஷாருக்கானுக்கு டத்தோ பட்டம் கொடுத்தபோது மாக்சிக் அதைத் தன் உறவுக்காரருக்குக் கிடைத்ததைப்போல் என்னிடம் சொன்னார். ஆனால் அவர் வீட்டில் மகன் இந்தோனேசிய டங்டுட் பாட்டு போட்டால், ‘மெதுவாக வை, பக்கத்தில் டீச்சர் இருக்கிறார்’ என்பார்.

எனக்கோ டங்டுட் பிடிக்கும். அந்தத் தபலா நம் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதைப்போல இருக்கும்; பழைய இந்தித் திரையிசையும் மலாய் ஓர்க்கெஸும் கலந்து பிறந்தது அல்லவா. இந்தோனேசியாவின் படித்த கூட்டத்தார் அதைப் பட்டிக்காட்டு இசை என்று ஒதுக்கினார்கள். பாடகர் ரோமா இராமா அதை அரங்கத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு 2003இல் இனுல் என்ற இளம் பாடகி இடுப்பைச் சுழற்றி ஆடியபோது அதே ரோமா இராமாவே கண்டித்தார். வெட்கம் ஓர் இடத்திலிருந்து எழுந்து அடுத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சீன அங்கிளின் காலை வானொலியில் ஒரு ஹொக்கியன் பாட்டு வரும். குடிகாரன் பாடுகிறானா, தாயை இழந்தவன் பாடுகிறானா தெரியாது. குரல் தழுதழுத்து ஓரிடத்தில் உடையும். ஒருநாள் வேலியோரம் நின்று அதன் பொருள் என்ன என்று மலாயில் கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. “லாமா புஞ்ஞா லாகு, சிக்கு,” பழைய பாட்டு, டீச்சர் என்று கையை வீசிவிட்டு உள்ளே போய்ச் சத்தத்தைக் குறைத்தார். அவருடைய மகள் சீனப்பள்ளியில் மாண்டரின் படித்தவள். அவளுக்கும் அந்தப் பாட்டு பிடிக்காது. தண்ணீருக்கு அந்தப்பக்கம் சிங்கப்பூரில் 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிய பின், ஹொக்கியன் போன்ற மொழிகளின் பாட்டும் கதையும் வானொலியிலிருந்து மெல்ல மெல்ல இறக்கப்பட்டன. கெத்தாய் மேடையில்தான் அவை நின்று தாக்குப்பிடித்தன. அங்கிளுக்கு அந்த வரலாறெல்லாம் வேண்டாம். மகள் வீட்டில் இருக்கும்போது அவர் அந்த நிலையத்தை வைப்பதில்லை.

இதைப் பார்க்கப் பார்க்க ஒன்று புரிகிறது. மாக்சிக்கின் டங்டுட்டை நான் வெட்கமில்லாமல் கேட்கிறேன். ஷாருக்கான் படத்து இந்தியை அவர் வெட்கமில்லாமல் பாடுகிறார். அங்கிளின் ஹொக்கியன் அழுகை எங்கள் இருவருக்குமே அழகாக இருக்கிறது. நான் டங்டுட் கேட்டால் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று எந்த மலாய்க்காரரும் என்னைக் கேட்கப்போவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க உரிமையுள்ளவர்கள் முன்னால்தான் சத்தத்தைக் குறைக்கிறோம். ஒரு பாட்டுக்காகக் கூச்சப்படுகிறேன் என்றால் அந்தப் பாட்டுக்காரர்கள் என் ஆட்கள் என்று அர்த்தம்.

*

இந்நாட்டு அமைச்சர் ஒருவரையும் சொல்லவேண்டும். 1992இல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், நீளமுடி வைத்த ரோக் பாடகர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.எம். திரையில் இடமில்லை என்றார். புலாய் தொகுதிக்காரர், புலாய் மலை எங்கள் ஊரிலிருந்து பார்த்தாலே தெரியும். அந்நாளில் பெரும் பெயரோடு இருந்த ‘செர்ச்’ குழுவும் நம் ஜொகூர் பாருவில் 1981இல் உருவானதுதான். கடைசியில் அவர்கள் முடியை வெட்டிக்கொண்டார்கள். பாட்டு மாறவில்லை. அதே ‘இசபெல்லா’, அதே காதல் சோகம். அதைக் கேட்டு உருகுகிறவர்களை ‘ஜீவாங்’ என்று மலாய்ப் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்தவர்கள்தாம் கராவோக்கேயில் முதலில் மைக்கைப் பிடிக்கிறார்கள். ஜொகூர்த் தமிழ்ப் பையன்களும் அதை உச்சஸ்தாயியில் பாடக் கேட்டிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல்.

*

மலேசியா வாசுதேவன் என்ற பெயரை வகுப்பில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். 1944இல் இந்த நாட்டில் பிறந்து, சென்னைக்குப் போய், நாட்டின் பெயரையே முன்பெயராகக் கொண்டு பாடியவர். பிள்ளைகளுக்கு முன்மாதிரி. ஆனால் அவரை நிலைநிறுத்திய பாட்டுகளைப் பாருங்கள். 1977இல் ‘16 வயதினிலே’ படத்தில் ஆட்டையும் முட்டையையும் முடிச்சுப் போடுகிற ஒரு குறும்புப் பாட்டு. 1980இல் டி. ராஜேந்தரின் ‘ஒருதலை ராக’த்தில் கருவாட்டுக் கூடையைச் சுமந்து வருகிற பாட்டு. சபையில் அவரைப் பற்றிப் பேசும்போது வேறு பாட்டுகளைச் சொல்வோம். ஓய்வு நேரத்தில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கடை ஓரமாகப் பையன்கள் மேசையைத் தட்டியது கருவாட்டுக்குத்தான். நான் அதட்டப் போவேன். போகிற வேகம் மேசைத் தாளத்துக்கு ஒத்துப்போவதை அவர்கள் கவனித்திருப்பார்கள்.

2011 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்த அன்று மின்னல் எஃப்.எம். வானொலி அவருடைய பாட்டுகளாகவே போட்டது. அழவைக்கும் பாட்டுகளுக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் ஒரு கூத்துப் பாட்டு வந்தபோதுதான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

*

இந்த ஆடித் திருவிழாவுக்குக் கோயில் கூட்டம். வழக்கமான சச்சரவு: உறுமி மேளப் பையன்கள் சினிமா மெட்டு வாசிக்கிறார்கள். அது கேளிக்கையா, பக்தியா? சிங்கப்பூரில் 1973இலிருந்து தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியத்துக்குத் தடை போட்டு, 2016இல்தான் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு இடம்கொடுத்தார்கள் என்று ஒருவர் எடுத்துச்சொன்னார். நம் ஊரில் அவ்வளவு கூட்டம் எங்கே என்றார் இன்னொருவர். மூத்தவர் ஒருவர், ஒலிபெருக்கியில் சினிமா சம்பந்தப்பட்ட எதுவும் கூடாது என்று தீர்மானம் போடச் சொன்னார். சரி என்றார்கள்.

அப்படியென்றால் ஈஸ்வரியை என்ன செய்வது என்று கேட்டேன்.

“அது அம்மன் பாட்டு, டீச்சர்.”

“பாடினது யார்?”

உறுமிப் பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அவன் அப்பா முறைத்தார். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் கல்யாணத்தில் இலந்தைப்பழப் பாட்டை வைக்கச்சொல்லி மாமனாரிடம் திட்டு வாங்கிய கதையை அவரே ஒருமுறை அன்னதானப் பந்தியில் சொல்லியிருக்கிறார். இப்போது அதை யாரும் எடுக்கவில்லை; அவர் மனைவி மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

ஈஸ்வரி வழக்கம்போல் காலை ஐந்தரைக்கு என்று எழுதிக்கொண்டார்கள். உறுமிக்கு மாலை ஏழு முதல் எட்டு வரை; மெட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அடுத்து கூடார வாடகைக் கணக்கு.